நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை: வெளிப் பேக்கேஜ் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் போன் அடித்தால், பாதி நாள் ஒரே சேதிதான். "அண்ணா, நான் எதையுமே தொடலை, பில்டு ஆக மாட்டேங்குது." பில்டு என்பது எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் வேலை. புதுச்சேரி லாட்ஜ்களுக்கு முன்பதிவு மென்பொருள், பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் என்று நாங்கள் இரண்டு மூன்று பேர் செய்து கொடுக்கிறோம். சனி ஞாயிறுக்குச் சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் வந்து இறங்கும் ஊர் இது. வெள்ளி சாயங்காலம் முன்பதிவுப் பக்கம் படுத்துவிட்டால் லாட்ஜ் முதலாளி எந்தக் குரலில் பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"தொடலை" என்பது பெரும்பாலும் உண்மைதான். பையன் தொட்டிருக்க மாட்டான். நாம் இறக்கிப் பயன்படுத்தும் பேக்கேஜை (வேறொருவர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பை), முகம் தெரியாத யாரோ ஒருவர் முந்தைய நாள் ராத்திரி தொட்டிருப்பார். அதனால் இந்த மாதிரிப் பழுதில் முதல் கேள்வி "என்ன தப்பு?" என்பதில்லை. "நமக்குத் தெரியாமல் எது மாறியது?" என்பதுதான்.

எங்கள் புழக்கம் என்பிஎம்மும் பிப்பும். முன்னது நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கிக்கும், பின்னது பைத்தான் மொழிக்கும் பேக்கேஜ் இறக்கித் தரும் கருவி. அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். கமாண்டுகளைச் சொல்லும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

## எதற்கும் முன்னால்

பழுது இருக்கும்போது அப்டேட் செய்யாதீர்கள். "எல்லாத்தையும் லேட்டஸ்ட் ஆக்கிட்டா சரியாப் போயிடும்" என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இருக்கிற நிலையை அப்படியே கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்துவிட்டு, அதாவது பதிந்துவிட்டு, தனிக் கிளை ஒன்று போட்டுக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருமுறை நோட் வெர்ஷனை மாற்றி, லாக் ஃபைலை (எந்தப் பேக்கேஜில் எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் ஃபைல்) அழித்து, இரண்டு பேக்கேஜை ஏற்றி, எல்லாம் ஓடியதும் சந்தோஷமாக டீ குடிக்கப் போனான். எது சரிசெய்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் அதே பழுது திரும்பி வந்தபோது மறுபடி முதலிலிருந்து தேடினோம்.

## அறிகுறி 1: இன்ஸ்டாலே முடியவில்லை, பாதியில் நிற்கிறது

டைம் அவுட் என்று வந்தால் முதலில் இணையம். சிரிக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் பாதிப் பழுது இதுதான். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், மோடத்துக்கு இருக்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். அதில் இறங்கினால் பேக்கேஜில் குற்றமில்லை. ஆபீஸ் நெட், ப்ராக்ஸி, ஃபயர்வால் இந்த மூன்றில் ஒன்று. கஸ்டமர் ஆபீஸில் இப்படி நடந்தால் அவர்களுடைய நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள். நீங்கள் மல்லுக்கட்டிப் பயனில்லை.

இன்டெக்ரிட்டி எர்ரர் வந்தால் இறக்கிய ஃபைலும் லாக் ஃபைலில் பதிந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணும் (ஹாஷ்) ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பாதியில் அறுந்த டவுன்லோடு கேஷில் (இறக்கியதைச் சேமித்து வைக்கும் இடம்) கிடக்கலாம். "என்பிஎம் கேஷ் வெரிஃபை" ஓட்டுங்கள். இறக்கிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு "என்பிஎம் சிஐ" போடுங்கள். அதற்கும் அடங்காமல், வேறு மெஷினிலும் அதே எர்ரர் வந்தால் நிறுத்திவிடுங்கள். லாக் ஃபைலை அழித்தால் எர்ரர் மறைந்துவிடும், நிஜம்தான். ஆனால் நீங்கள் அன்றைக்குப் பூட்டி வைத்த ஃபைல் இதுவல்ல என்று மெஷின் கத்திச் சொல்வதை வாயை மூடிய கணக்காகிவிடும். இங்கே அனுபவமுள்ளவர் ஒருவர் பார்க்கட்டும்.

404 (கிடைக்கவில்லை) என்று வந்தால் பெயரில் எழுத்துப்பிழையா பாருங்கள். அடுத்து, அது உங்கள் கம்பெனியின் தனிப் பேக்கேஜா, லாகின் டோக்கன் காலாவதி ஆகிவிட்டதா பாருங்கள். நிஜமாகவே பேக்கேஜ் காணாமல் போவது இப்போது அபூர்வம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவரே அதை நீக்கியதில், உலகம் முழுக்க பில்டுகள் விழுந்தன. அதற்குப் பிறகு என்பிஎம் விதியை இறுக்கியது. வெளியிட்டு 72 மணி நேரம் தாண்டிவிட்டால் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாது.

அனுமதி இல்லை என்று வந்தால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கமாண்ட்) போட்டு அடிக்காதீர்கள். அப்போதைக்கு வேலை நடக்கும். அப்புறம் அந்த ஃபோல்டரில் பாதி ஃபைல் ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகி, தினமும் சூடோ கேட்கும். பைத்தானில் டெபியன் 12, அண்மைக்கால உபுண்டு போன்ற லினக்ஸ்கள் எல்லாம் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுக்கும். அந்த எர்ரரிலேயே அதை உடைத்துப் போகும் வழியும் எழுதியிருக்கும். அதைத் தொடாமல் புராஜெக்டுக்கென்று ஒரு வெர்சுவல் என்விரான்மென்ட் (பேக்கேஜ்களுக்குத் தனி இடம்) உண்டாக்கி, அதற்குள் இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

## அறிகுறி 2: என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை

இதுதான் எங்களுக்கு அதிகம் வந்தது. கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

### லாக் ஃபைல் கிட்டில் இருக்கிறதா?

இருக்கிறது என்று வாயால் சொல்லாதீர்கள், திறந்து பாருங்கள். ஒரு லாட்ஜ் புராஜெக்டில் ரசீது பிடிஎஃப் எல்லாவற்றிலும் ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் அச்சாகி வந்தது. ரிசப்ஷனில் இருந்த அம்மா ஒவ்வொரு ரசீதிலும் அந்தக் கட்டத்துக்குள் பேனாவால் ரூ என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் லேப்டாப்பில் அதே ரசீது அழகாக வந்தது. அரை நாள் ஃபாண்டைத் தேடினோம், பிரிண்டரைக் குறை சொன்னோம். கடைசியில் பார்த்தால் கிட் இக்னோரில் (கிட் பதியக் கூடாத ஃபைல்களின் பட்டியல்) யாரோ லாக் ஃபைலின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். "அது பெருசா இருக்கு, மெர்ஜ் பண்ணும்போது தொல்லை பண்ணுது" என்பது காரணம்.

பேக்கேஜ் ஜேசனில் (தேவையான பேக்கேஜ்களை எழுதி வைக்கும் ஃபைல்) எங்கள் பிடிஎஃப் பேக்கேஜின் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் கேரட் குறி இருந்தது. ^1.4.0 என்று எழுதினால் 1.4.0 முதல் 2.0.0-க்குக் கீழே எது வேண்டுமானாலும் வரலாம். ~1.4.0 என்றால் 1.4-க்குள்ளேயே நிற்கும். நாங்கள் ஆடியில் இறக்கினோம், சர்வர் கார்த்திகையில் இறக்கியது. நடுவில் வந்த வெர்ஷனில் அந்தப் பேக்கேஜ்காரர் இயல்பு ஃபாண்டை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். (பூஜ்யத்தில் தொடங்கும் வெர்ஷனுக்குக் கணக்கு வேறு: ^0.4.0 என்றால் 0.5.0-க்குப் போகாது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.)

சோதனை இது: இரண்டு மெஷினிலும் "என்பிஎம் எல்எஸ்" போட்டு, பின்னால் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். வெர்ஷன் வேறாக வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஓடுகிற மெஷினின் லாக் ஃபைலை கமிட் செய்யுங்கள். புதிதாக உண்டாக்காதீர்கள், ஓடுகிற மெஷினில் உள்ளதையே எடுங்கள்.

### சர்வரில் எந்தக் கமாண்ட் ஓடுகிறது?

லாக் ஃபைல் இருந்தும் "என்பிஎம் இன்ஸ்டால்" போட்டால் சில சமயம் அது லாக் ஃபைலையே திருத்திவிடும். சர்வருக்கு எப்போதும் "என்பிஎம் சிஐ". அது பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு, லாக் ஃபைலில் இருப்பதை மட்டும் அப்படியே வைக்கும். பேக்கேஜ் ஜேசனும் லாக் ஃபைலும் முரண்பட்டால் சமாளிக்காமல் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். அந்தப் பிடிவாதம்தான் நமக்கு வேண்டும். பைத்தானில் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் வெறும் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அது லாக் ஃபைல் ஆகாது. இரட்டைச் சமக்குறி போட்டு வெர்ஷனையும் எழுதுங்கள்.

### நோட் வெர்ஷன் ஒன்றுதானா?

இரண்டு பக்கமும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வேறாக இருந்தால் சர்வரை மாற்றுவதற்கு முன் உங்கள் லேப்டாப்பைச் சர்வர் வெர்ஷனுக்கு இறக்கி, பழுதை உங்கள் மெஷினில் வரவழையுங்கள். கண்ணெதிரே வந்த பழுதில் பாதி தீர்ந்த மாதிரி.

### கமாண்டே கிடைக்கவில்லை என்கிறதா?

சர்வர் புரொடக்‌ஷன் முறையில் இருந்தால் டெவ் டிபெண்டன்சிகளை (மென்பொருளை எழுதும்போது மட்டும் தேவைப்படும் பேக்கேஜ்கள்) இறக்காது. பில்டு செய்யும் கருவி அந்தப் பட்டியலில் இருந்தால் சர்வருக்கு அது கிடையாது. பில்டை வேறு இடத்தில் செய்து ஏற்றுங்கள், அல்லது அந்தக் கருவியை ஓடத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலுக்கு மாற்றுங்கள்.

### ஃபைல் கிடைக்கவில்லை என்கிறதா?

விண்டோஸுக்கு ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. இம்போர்ட் வரியையும் ஃபைல் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் கன்டெய்னருக்கு (மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டும் முறை) மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம். அதைத் தெரிந்தவர் வந்து அமைத்துத் தரட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலையில்லை.

## அறிகுறி 3: இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

"ஈ ரிசால்வ்" என்று தொடங்கி நீளமாக வரும். 2020-ல் வந்த என்பிஎம் 7 முதல் பியர் டிபெண்டன்சிகளை (ஒரு பேக்கேஜ் தன்னோடு கூட இருக்க வேண்டும் என்று கேட்கும் வேறு பேக்கேஜ்கள்) அது தானே இறக்குகிறது, கண்டிப்பாகவும் பார்க்கிறது. அதற்கு முன் வெறும் எச்சரிக்கையாக இருந்தது இப்போது தடையாகிவிட்டது. பிப்பும் அதே 2020-ல், 20.3 வெர்ஷனில், இதே கண்டிப்புக்கு வந்தது.

அந்த எர்ரரில் இரண்டே வரிகளைத் தேடுங்கள். ஃபவுண்ட் என்று தொடங்குவது இப்போது உங்களிடம் இருப்பது. பியர் என்று தொடங்குவது அந்தப் பேக்கேஜ் கேட்பது. உதாரணத்துக்கு, உங்களிடம் ரியாக்ட் (வலைப்பக்கம் கட்டும் பேக்கேஜ்) 18 இருக்கிறது, காலண்டர் பேக்கேஜ் 17 வேண்டும் என்கிறது. வழக்கு அவ்வளவுதான். மற்ற வரிகள் சாட்சிகள்.

சரி, தீர்ப்பது எப்படி? முதலில், கேட்கிற பேக்கேஜுக்கு 18-ஐ ஏற்கும் புது வெர்ஷன் இருக்கிறதா பாருங்கள். பழுதின்போது அப்டேட் வேண்டாம் என்றேன், இந்த ஒன்று விலக்கு. ஆனால் அந்த ஒரே பேக்கேஜை மட்டும். இல்லையென்றால், 18-க்கு ஏன் போனீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் எதுவும் இல்லாமல் போயிருந்தால் 17-க்கே திரும்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே மூன்றாம் கை, நான்காம் கையாக வரும் பேக்கேஜ்தான் தகராறு என்றால் "என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்" யார் அதை அழைத்து வந்தது என்று காட்டும். பேக்கேஜ் ஜேசனில் ஓவர்ரைட்ஸ் பகுதியில் நமக்கு வேண்டிய வெர்ஷனைத் திணிக்கலாம்.

கடைசியாகத்தான் "லெகசி பியர் டெப்ஸ்", அதாவது பியர் முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் ஆப்ஷன். இணையத்தில் எங்கே தேடினாலும் முதல் பதிலாக இதைத்தான் கொடுப்பார்கள். போட்டால் எர்ரர் போகும், தகராறு போகாது. ஓடும்போது வேறு முகத்தில் வரும். போட்டே தீர வேண்டும் என்றால், ஏன் போட்டோம் என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதுங்கள்.

பைத்தான்காரர்களுக்கு "பிப் செக்" போதும். முரண்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடும்.

## அறிகுறி 4: இன்ஸ்டாலின்போது சிவப்பில் நூறு வரி, நடுவில் ஜிப், சி++, பைத்தான் என்ற சொற்கள்

பயப்படாதீர்கள். அந்தப் பேக்கேஜுக்குள் சி++ மொழி நிரல் இருக்கிறது, உங்கள் நோட் வெர்ஷனுக்குத் தயாராகக் கட்டிவைத்த பைனரி (மெஷின் நேரடியாக ஓட்டும் வடிவம்) கிடைக்காததால் உங்கள் மெஷினிலேயே கட்டப் பார்க்கிறது. ஜிப் என்பது அப்படிக் கட்டும் கருவி, அதற்குப் பைத்தான் வேண்டும்.

நோட்டைச் சமீபத்தில் ஏற்றினீர்களா? பழைய வெர்ஷனில் போட்டுப் பாருங்கள். ஓடினால் அந்தப் பேக்கேஜின் புது வெர்ஷனைத் தேடுங்கள். "டிஸ்ட்யுடில்ஸ் இல்லை" என்று ஒரு வரி தெரிந்தால், 2023-ல் வந்த பைத்தான் 3.12-ல் அதை நீக்கிவிட்டார்கள் என்பதுதான் சேதி. பிப் வழியாக செட்டப்டூல்ஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகும். நோட்-சாஸ் (வலைப்பக்கத்தின் தோற்ற விதிகளைக் கட்டும் பேக்கேஜ்) என்ற பெயர் தெரிந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அதன் அடியில் இருக்கும் லிப்சாஸ் 2020-லேயே கைவிடப்பட்டது. சாஸ் என்ற பேக்கேஜுக்கு மாறிவிடுங்கள்.

இதன் சித்தப்பா பிள்ளை ஒன்று உண்டு: இன்ஸ்டால் ஆகும், பில்டின்போது ஓபன்எஸ்எஸ்எல், அன்சப்போர்ட்டட் என்று விழும். நோட் 17-ல் ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்க நிரல் தொகுப்பு) 3 வந்தது. பில்டு செய்யும் கருவியான வெப்பேக் 4 பயன்படுத்தும் பழைய ஹாஷ் முறையை அது ஏற்காது. "ஓபன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர்" என்ற ஆப்ஷன் அன்றைய பொழுதை ஓட்டும். வெப்பேக் 5-க்கு மாறுவதே நிஜத் தீர்வு. அந்த மாற்றத்துக்கு எங்கள் ஒரு புராஜெக்டில் நான்கு நாள் பிடித்தது, கஸ்டமரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 5: ஆடிட் போட்டால் நாற்பது ஓட்டை என்கிறது

ஆடிட் என்பது பேக்கேஜ்களில் தெரியவந்த பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கமாண்ட். "ஆடிட் ஃபிக்ஸ்" போடலாம். "ஃபோர்ஸ்" சேர்த்துப் போடாதீர்கள், அது பெரிய வெர்ஷன்களையே கேட்காமல் தாண்டிவிடும். முதலில் டெவ் டிபெண்டன்சிகளை விலக்கிவிட்டு ஆடிட் எடுங்கள். நாற்பது பெரும்பாலும் ஐந்தாறாகிவிடும். மிச்சத்தில் எது வெளியிலிருந்து வரும் தகவலைத் தொடுகிறது என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஓடும் கருவியின் ஓட்டையும், லாகின் பக்கத்தின் பின்னால் இருக்கும் ஓட்டையும் ஒன்றில்லை.

அதற்காக எல்லாமே சத்தம் என்று இருந்துவிடவும் கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா பேக்கேஜின் ஓட்டை வெளிவந்தபோது அதன் ஆபத்துக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்குப் பத்து. பலர் "நாங்க லாக்4ஜே போடலையே" என்றார்கள். அவர்கள் போடவில்லைதான், அவர்கள் போட்ட வேறொன்று கூட்டி வந்திருந்தது. ஜாவா புராஜெக்ட் இன்னும் கையில் இருந்தால் மேவன் டிபெண்டன்சி ட்ரீ எடுத்துத் தேடுங்கள். 2.17.1-க்குக் கீழே இருந்தால் இன்றைக்கே ஏற்றுங்கள்.

## அறிகுறி 6: பேக்கேஜின் நடத்தையே சந்தேகமாக இருக்கிறது

இன்ஸ்டால் செய்த பிறகு தெரியாத முகவரிக்கு ட்ராஃபிக் போகிறது, சிபியூ காரணமில்லாமல் ஏறுகிறது, என்பிஎம் கணக்கில் நீங்கள் போடாத வெர்ஷன் இருக்கிறது.

இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, ஓர் எழுத்து மாறிய போலிப் பெயரை இறக்கிவிட்டீர்கள். பெயரைச் சரிபாருங்கள். இன்னொன்று, பெயர் சரிதான், உள்ளே இருப்பது கெட்டுவிட்டது. 2022 ஜனவரியில் கலர்ஸ் பேக்கேஜில் அதன் ஆசிரியரே முடிவில்லாத லூப் ஒன்றைப் போட்டார். 2025 செப்டம்பரில் சாக், டீபக் உள்ளிட்ட பேக்கேஜ்களைப் பராமரித்தவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்து, கிரிப்டோ பணத்தைத் திருப்பிவிடும் நிரல் அவற்றுக்குள் புகுந்தது. சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் "லேட்டஸ்ட்" இறக்கியவர்கள் மாட்டினார்கள், லாக் ஃபைலோடு இருந்தவர்கள் மாட்டவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் இருந்த பின்வாசலைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமானதை ஒருவர் சும்மா விடாததுதான்.

உறுதியானால் வரிசை இது. மெஷினை நெட்டிலிருந்து பிரியுங்கள். எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மட் போடாதீர்கள், அது சாட்சி. வேறொரு மெஷினிலிருந்து எல்லா டோக்கன், பாஸ்வேர்டு, கிளவுட் கீ எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட மெஷினிலிருந்து மாற்றினால் புதுசும் போய்விடும். இந்த இடத்தில் நீங்களாகவே பார்த்துக்கொள்ளும் பேச்சுக்கு இடமில்லை, பாதுகாப்பு ஆள் வர வேண்டும். கம்பெனியாக இயங்கினால் 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

## அறிகுறி 7: பேக்கேஜ் அனாதையாகிவிட்டது

கடைசி வெர்ஷன் வந்து வருஷக்கணக்கு ஆகிறது, கேட்ட கேள்விகளுக்குப் பதிலில்லை. அதுவே பழுது ஆகாது. தேதியைக் கூட்டிக் கழிக்கும் சின்னப் பேக்கேஜ் முடிந்துபோனதாகவும் இருக்கலாம். நெட்வொர்க்கையோ பாஸ்வேர்டையோ தொடுகிறதா? இல்லையென்றால் வெர்ஷனைப் பூட்டிவிட்டு விடுங்கள்.

சின்ன ஒட்டு மட்டும் தேவை என்றால், நம் திருத்தத்தைப் பதிந்து வைத்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்குப் பிறகும் போட்டுவிடும் பேட்ச்-பேக்கேஜ் இருக்கிறது. நோட் மாட்யூல்ஸுக்குள் கையால் திருத்திவிட்டுப் போகாதீர்கள், அடுத்த சிஐ அதை அழித்துவிடும். பெரிய ஒட்டு என்றால் ஃபோர்க் (நமக்கென்று தனி நகல்) எடுக்கலாம், ஆனால் அன்றிலிருந்து அது உங்கள் குழந்தை. எங்கள் பில் பிரிண்டர் பேக்கேஜ் ஒன்றை ஃபோர்க் எடுத்து இரண்டு வருஷம் வளர்த்தோம். கடைசியில் மாற்றியபோது தெரிந்தது, முப்பத்தேழு ஃபைல்களில் அதை நேரடியாக இம்போர்ட் செய்திருந்தோம். ஒரே ஃபைலில் சுற்றி வைத்து, மற்ற எல்லாம் அந்த ஃபைலைக் கூப்பிட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். லாட்ஜில் அந்த வாரம் முழுக்கக் கையால் பில் எழுதினார்கள்.

மாற்றும்போது புதுப் பேக்கேஜின் உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். எம்ஐடி என்றால் கவலையில்லை. ஜிபிஎல், ஏஜிபிஎல் என்றிருந்து, மென்பொருளை விற்கிறீர்கள் என்றால் வக்கீலிடம் ஒரு வார்த்தை.

## ஆளைக் கூப்பிடும்போது

ஒரே அறிகுறியில் இரண்டு மணி நேரம் போய்விட்டால் கூப்பிட்டுவிடுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் நீங்கள் செய்வது பெரும்பாலும் புதுப் பழுதுதான். கூப்பிடும்போது நான்கு விஷயம் கையில் இருக்கட்டும்: லாக் ஃபைல், முதல் வரியிலிருந்து முழு எர்ரர், நோட் அல்லது பைத்தான் வெர்ஷன், கடைசியாக ஓடிய கமிட். திரையை மொபைலில் சாய்வாகப் படம் பிடித்து, கடைசி நான்கு வரி மட்டும் தெரிய வாட்ஸாப்பில் அனுப்பினால் நான் மறுபடி உங்களுக்குத்தான் போன் போடுவேன், கேட்பதும் லாக் ஃபைலைத்தான்.